பத்து மோட்டாரும் என் கல்யாணமும்

"பாப்பா! முள்ளு ஏறுது!"

மணமேடைக்குப் பின்னால் கீற்றுத் தடுப்பை விலக்கி, அண்ணன் கதிரவன் தலையை மட்டும் நீட்டினான். நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை. முன்னால் மைக்கைப் பிடித்தபடி, தலைமை தாங்க வந்த கட்சிப் பேச்சாளர் சங்க காலத்துக் காதலைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் தலை குனிந்துதான் உட்கார வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் கழுத்தை முழுசாகப் பின்பக்கம் திருப்பினேன்.

"எவ்வளவு?"

"நூத்தி அறுபதுல நின்னுச்சு. இப்ப நூத்தி அறுபத்தெட்டு."

எட்டு வோல்ட்! அந்த நேரத்தில் வோல்ட்மீட்டர் முள் ஏறவே ஏறாது.

மாப்பிள்ளை மெல்லக் குனிந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். அதெல்லாம் ஒரு காலம்.

"யாரோ ஒருத்தர் நம்ம கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பந்தல் வாசலைப் பார்த்தார். வாசலில் ஈ காக்கை இல்லை. பாபநாசத்தில் கூட்டுறவு சங்கத்துக் கிளார்க், நல்ல மனுஷர். பெண்ணுக்குக் கொஞ்சம் புத்தி பிசகோ என்று அந்த நிமிஷம் நினைத்ததாக, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

அப்பா போட்ட கையெழுத்து

முதலில் அந்தப் பந்தல் ஏன் காலியாகக் கிடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கும்பகோணத்தில் இருந்த ஒருவருடைய முக்கால் வேலியை, அதாவது ஐந்து ஏக்கரை, தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தோம். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம், பதிந்துவிட்டால் நிலத்தை விட்டு யாரும் விரட்ட முடியாது என்று சட்டம் வந்தது. ஊரில் எல்லாரும் யோசித்தார்கள். எங்கப்பா ஒருவர்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மனு கொடுத்துவிட்டு வந்தார்.

நிலத்துக்காரர்கூட அவ்வளவு கோபப்படவில்லை. கோபப்பட்டது கோவிந்தராசு பெரியப்பா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு பேரும் ஒரே கொல்லையில் விளையாடி வளர்ந்தவர்கள். பெரியப்பாவுக்கு நிலம் உண்டு, அதில் பாதியைக் குத்தகைக்கு விட்டிருந்தார்.

"நீ இன்னைக்குப் பதிஞ்சே. நாளைக்கு என் குத்தகைக்காரன் பதிவான். வழி காட்டிவிட்டது யாரு? என் தம்பி! வெளியில ஒருத்தன் செஞ்சிருந்தா வயிறு எரியாதுடா எனக்கு."

"எல்லாருக்கும் உள்ள சட்டம்தானேண்ணே" என்றார் அப்பா.

"அப்ப சட்டத்தையே அண்ணன்னு கூப்பிட்டுக்கோ."

அதோடு பேச்சு நின்றது. எட்டு மாசம். வரப்பில் எதிரே வந்தால் பெரியப்பா வாய்க்காலில் இறங்கிப் போவார். அப்பாவுக்கு ராத்திரிச் சோறு இறங்காது. "அவர் பேசாட்டி நமக்கென்ன" என்று வாய் சொல்லும், கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெரியப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மோட்டாரை விட்டுட்டு எப்படி?"

என் கல்யாணம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணிக்கு. ஐயர் இல்லை, முகூர்த்தம் இல்லை, சீர்திருத்தக் கல்யாணம். வயலுக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, சாவகாசமாக வரட்டும் என்றுதான் அப்பா அந்த நேரத்தை வைத்தார்.

ஊரில் அப்போது பத்துப் பேரிடம் பம்புசெட் இருந்தது. எல்லாம் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குறுவைக்கு நாற்றுவிட அதுதான் கதி. பத்துப் பேரும் நிலம் வைத்திருப்பவர்கள். அதில் ஒருவர் பெரியப்பா, மற்ற ஒன்பது பேருக்கும் அவர் பேச்சுதான் பேச்சு. அவர்கள் வந்தால் அவர்கள் வீடு, சம்பந்தி, பங்காளி என்று ஊரே வரும். வராவிட்டால் முக்கால் ஊர் வராது.

அப்பாவும் நானும் தாம்பாளத்தோடு பத்து வீட்டுக்கும் போனோம். ஒன்பது வீட்டில் பத்திரிகையைச் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். மோர் கொடுத்தார்கள். கடைசியில் ஒரே பதில்.

"வரணும்னு ஆசைதாம்ப்பா. நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கணுமே. மோட்டாரை விட்டுட்டு எப்படி வர்றது?"

இதை வெறும் சாக்கு என்று தள்ளவும் முடியாது. எங்கள் ஊர் கம்பிக் கடைசி, டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும். அது விழாமல் இருக்க மூங்கில் குச்சியைச் செருகி முட்டுக் கொடுப்பார்கள். குச்சி செருகிவிட்டால் மோட்டாருக்குக் காவல் கிடையாது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும் வாசனை வந்தால் ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்க வேண்டும். அதனால் மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் சொந்தக்காரர் கொட்டகையிலேயே கிடப்பார். சாக்குக்குச் சாக்கு, நிஜத்துக்கு நிஜம்.

பத்தாவது வீடான பெரியப்பா வீட்டில் மோர்கூட இல்லை. பத்திரிகையைப் பெரியம்மாதான் வாங்கினார். பெரியப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டு, "மோட்டார் ஓடும்" என்று இரண்டே வார்த்தை சொன்னார்.

திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார்: "பாபநாசத்துக்காரங்க ரெண்டு வேன்ல வர்றாங்க. ஊர்ல ஒரு மனுஷன் இல்லாம உன்னை அனுப்பணும்னா எனக்கு எப்படிம்மா இருக்கும்?"



இரண்டு ஓம் பல்பு

அண்ணன் கதிரவன் மைக்செட், லைட்செட் வைத்திருந்தான். தங்கை கல்யாணம் என்றால் கேட்க வேண்டுமா! சாயம் பூசின ஆறு வோல்ட் பல்புகளை முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகக் கோத்துப் பன்னிரண்டு சரம் தயார் செய்தான். ஆறு முப்பத்தெட்டு இருநூற்று இருபத்தெட்டு. இருநூற்று முப்பது வோல்ட்டுக்குச் சரி. புத்தகத்துக்குச் சரி, எங்கள் ஊருக்குச் சரியில்லை. மாட்டிப் பார்த்தால் பல்பெல்லாம் செத்த கண்ணாக முழித்தன.

நான் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். என்னிடம் அவனுக்கு ஒரு பயம் உண்டு. "ஒரு பல்போட ரெசிஸ்டன்ஸ் என்னன்னு பாருண்ணே" என்றேன்.

மீட்டரின் இரண்டு முனையையும் பல்பில் வைத்தான். "ரெண்டு ஓம். ஆறு வோல்ட்டை ரெண்டால வகுத்தா மூணு ஆம்பியர். ஐயோ, ஒரு குண்டுமணி பல்பு பதினெட்டு வாட்ஸ் இழுக்குதா! பாப்பா, டிரான்ஸ்பார்மரே போயிடுமே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எரியாத பல்பைப் போய் அளந்தால்? உள்ளே இருக்கிற இழை குளிர்ந்து கிடக்கும்போது மின்சாரத்தைத் தடுப்பது கொஞ்சம். சூடாகி வெளிச்சம் கொடுக்கும்போதுதான் அதன் முழுத் தடை தெரியும். பல்பை எரியவிட்டு வோல்டேஜையும் கரண்ட்டையும் அளக்க வேண்டும்; முன்னதைப் பின்னதால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இரண்டையும் பெருக்கினால் பவர்.

ஆறு வோல்ட் பேட்டரியில் எரியவிட்டோம். கரண்ட் பூச்சியம் புள்ளி மூன்று ஆம்பியர். வகுத்தேன், இருபது ஓம். பெருக்கினேன், ஒன்றே முக்கால் வாட்ஸுக்குக் கொஞ்சம் மேலே. "உன் டிரான்ஸ்பார்மர் பிழைச்சுது போ" என்றேன். தலையில் குட்டினான்.

அப்புறம் ஒரு வாரம், தினம் மாலை ஏழு மணிக்கு வீட்டு வோல்டேஜை அளந்து நோட்டில் எழுதினேன். நூற்று அறுபது. நூற்று அறுபத்திரண்டு. நூற்று அறுபது. அதற்கு மேல் ஒருநாளும் போகவில்லை. மோட்டாரெல்லாம் நிற்கிற மத்தியான நேரத்தில் மட்டும் இருநூற்று நாற்பது காட்டியது. ஆக, ஏழு மணிக்கு எண்பது வோல்ட் கம்பியிலேயே செத்துப்போகிறது. பத்து மோட்டார், ஒவ்வொன்றும் சுமார் எட்டு ஆம்பியர், மொத்தம் எண்பது. எண்பதை எண்பதால் வகுத்தால் எங்கள் ஊர்க் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒரு ஓம். அதாவது ஒரு மோட்டார் நின்றால் எட்டு வோல்ட் ஏறும். அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

"ஒவ்வொரு சரத்துலயும் பதினொரு பல்பைக் கழட்டு. இருபத்தேழு போதும். நூத்தி அறுபதுலயே ஜம்முனு எரியும்" என்றேன்.

"வோல்டேஜ் ஏறிட்டா?"

"கல்யாணத்தன்னிக்கு மோட்டார் ஓடும்னு பத்துப் பேரும் நம்ம மூஞ்சிக்கு நேரா சொல்லியாச்சு. எப்படி ஏறும்?"

கழற்றின பல்பையும் கோத்துப் பன்னிரண்டு சரத்தைப் பதினாறு சரமாக்கினான். பந்தலைச் சுற்றியும், தெரு முழுக்கவும், வயலுக்குப் போகிற பாதை முனை வரையிலும் கட்டினான். வாழ்க்கையில் நான் போட்ட கணக்கிலேயே பெரிய தப்பு இதுதான். வரமாட்டோம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டேன்.

சங்க காலத்திலிருந்து

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி. பாபநாசத்திலிருந்து இரண்டு வேன் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் நாற்பது பேர் இருந்தால் அதிகம். முந்நூறு பேருக்குப் பந்தல், முந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிறது. மாமியார் சுற்றிலும் பார்த்துவிட்டு அப்பாவிடம், "உங்க ஊர்ல மனுஷங்க கம்மியோ சம்பந்தி?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா பேச்சாளர் காதில் போய், "ஐயா, ஜனங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்க" என்றார். அந்த மனுஷருக்கு ஆயுளில் அப்படி ஒரு வேண்டுகோளை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். முகமெல்லாம் மலர்ந்து, சங்க காலத்தில் ஆரம்பித்தார். மைக் கார் பேட்டரியில் ஓடியது, அதற்கும் பயமில்லை.

அப்போதுதான் அண்ணன் தலையை நீட்டினான். நூற்று அறுபத்தெட்டு.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். பாதை முனையில் ஒரு டார்ச் வெளிச்சம். மேலத்தெரு வையாபுரி மாமா! பின்னாலேயே அவர் சம்சாரம், மருமகள், பேரப்பிள்ளைகள். பெண்களெல்லாம் பட்டு கட்டிக்கொண்டு வந்தார்கள். மத்தியானமே கட்டி உட்கார்ந்திருந்தார்களாம், மனுஷர்தான் கொட்டகையை விட்டு நகரவில்லையாம்.

"மோட்டார் என்னாச்சு மாமா?" என்றான் அண்ணன்.

"அது கெடக்குது போ. இந்தப் பொண்ணு என் மடியில வளந்ததுடா. பேச்சாளர் இங்க மைக்குல கத்துறாரு, நான் அங்க தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் என்ன மரமா?"

முள் எண்ணிய ஆட்கள்

"நூத்தி எழுபத்தாறு!"

நான் மாப்பிள்ளையிடம் இரண்டு விரல் காட்டினேன். சற்று நேரத்தில் இரண்டாவது வீடு வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் புத்தி பிசகு பற்றிய சந்தேகம் போய், ஒரு பயம் வந்திருந்தது. "எப்படிங்க?" என்றார். மேடையில் உட்கார்ந்தே கம்பியையும் ஒரு ஓமையும் எட்டு வோல்ட்டையும் விளக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை.

"நூத்தி எண்பத்து நாலு!" "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு!"

நான்காவதாக வந்தவர், செருப்பை உதறிக்கொண்டே ஒரு சங்கதி சொன்னார். "முக்கி முனகிக்கிட்டுக் கெடந்த மோட்டாரு திடீர்னு தெளிவா ஓட ஆரம்பிச்சுது. யாரோ நிறுத்திட்டுப் போயிட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் தெளிஞ்சுது. சரி, எல்லாரும் போறாங்க, நாம மட்டும் எதுக்குன்னு கெளம்பிட்டேன்."

அப்படி ஒருவர் நிறுத்த நிறுத்த மற்றவர் மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது. கொட்டகைக்குக் கொட்டகை அந்தச் சத்தமே ஆளைக் கிளப்பிவிட்டது. பந்தல் நிரம்பியது. சமையல்காரர் இலை போதுமா என்று கேட்க ஆரம்பித்தார். மாமியார் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்திச் சோழர் காலத்துக்கு வந்தார்.

சர விளக்கு மஞ்சள் போய் வெள்ளையாகியிருந்தது. சாயம் கருகுகிற வாசனை எனக்கு மேடை வரைக்கும் வந்தது.

"இருநூத்தி முப்பத்தி ரெண்டு" என்று வந்தான் அண்ணன். முகத்தில் வியர்வை. "பாப்பா, மூணு சரம் போயிடுச்சு. மிச்சமும் தாங்காது. அணைச்சிடட்டுமா?"

ஒன்பது. ஒன்பது மோட்டார் நின்றாயிற்று, ஒன்பது வீடும் பந்தலில் இருக்கிறது. ஓடுவது ஒன்றே ஒன்று.

அப்பா மேடையோரம் வந்து, "போதும்மா. ஒம்பது வீடு வந்தாச்சு, இதுக்கு மேல ஆசைப்படக் கூடாது. மாலையை எடுத்துடலாம்" என்றார். சொல்லும்போதே அவர் கண் பாதை முனைக்குப் போனது.

பெரியப்பாவுக்கு இப்போது தெரியும் என்று எனக்குப் பட்டது. அவர் மோட்டார் வாங்கின நாளிலிருந்து அப்படி ஓடியிருக்காது. அத்தனை தெளிவாக ஓடுகிறதென்றால் வயலில் வேறு யாரும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு மாசக் கோபம் அப்போது எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"அணைக்காதண்ணே. பெரியப்பா வர்ற பாதைக்கு வெளிச்சம் வேணும்."

"பல்பு பூராப் போயிடும்டி! இன்னும் எட்டு வோல்ட் ஏறுச்சுன்னா..."

"ஏறட்டும். வோல்டேஜ் ஒண்ணரை மடங்கு, பவர் ரெண்டேகால் மடங்கு. எனக்குத் தெரியாதா? போனா போவட்டும்!"

 அண்ணன் ஸ்விட்ச் பலகையை விட்டுக் கையை எடுத்துவிட்டான்.

நாங்கள் காத்திருந்தோம். பேச்சாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஒரு சரம் போனது. இன்னொன்று போனது. பாதைப் பக்கத்துச் சரம் மட்டும் கண் கூசுகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு பட், பட், பட் என்று ஒரே சமயத்தில் அத்தனையும் வெடித்தன. பந்தல், தெரு, பாதை எல்லாம் இருட்டு.

குழந்தைகள் வீரிட்டன. "ஐயையோ, மாலை மாத்துற நேரத்துல விளக்கு அணையுதே, இது நல்லதுக்கில்லையே!" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல். நான் எழுந்து, தடவிப் போய், பேச்சாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். கேட்டு வாங்குகிற பொறுமை இல்லை.

"யாரும் பயப்படாதீங்க! சகுனமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க வரமாட்டீங்கன்னு நம்பி நான் பல்பைக் குறைச்சு மாட்டினேன், தப்பு என் மேல. எல்லாரும் வந்துட்டீங்க, அதான் வெடிச்சுது. அண்ணே, முள்ளு எங்க இருக்கு?"

தீக்குச்சி கிழிக்கிற சத்தம். "இருநூத்தி நாப்பது!"

"அப்பா!" என்று கத்தினேன். மைக்கில் கத்தினது அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும். "அப்பா, பத்தாவது மோட்டாரும் நின்னுடுச்சுப்பா!"

 சமையல் கட்டிலிருந்து பெட்ரோமாக்ஸைத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. முழங்கால் வரை சேறும், மடித்துக் கட்டின வேட்டியுமாகப் பெரியப்பா நடந்து வந்தார். பின்னால் பெரியம்மா, கையில் தட்டோடு. பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. நேராக அப்பா முன்னால் வந்து நின்றார். பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். வெடித்துத் தொங்குகிற சரங்களைப் பார்த்தார். எட்டு மாசத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஏண்டா, பொண்ணுக்குக் கல்யாணம் பண்றே, ஒரு விளக்குப் போட மாட்டியா?"

அப்பா துண்டை எடுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"போட்டிருந்தேண்ணே. நீங்க வந்ததுலதான் அணைஞ்சு போச்சு."